சரி என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் ஒரு மாதமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தான். கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். எப்படியும் இந்த மலரில் ஏழெட்டு நிலாவும் நாலைந்து தாஜ்மகாலும் வந்துவிடும், நாம் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆகவே நண்பர்களே, இது ஒரு போர் விமானத்தைப் பற்றிய கட்டுரை. நடுவில் நம் ஒர்க்‌ஷாப்பும் வரும். கடைசியில் பேரவைக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஹாஸ்டல் அறைச் சுவரில் எஃப்-15 படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன ஸ்பீடு போகும்? எத்தனை ஏவுகணை தூக்கும்? இறக்கையின் பின்விளிம்பில் தனியாக வெட்டி ஒட்டியது போல் ஒரு பலகை தெரிகிறதே, அது என்ன என்று இதுவரை ஒருத்தனும் கேட்டதில்லை. விமானம் திரும்புவதும், ஏறுவதும், இறங்குவதும் அந்த மாதிரிப் பலகைகளால்தான்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் பார்க்காத நேரத்தில் கையை வெளியே நீட்டியிருப்பீர்கள். உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும், எதிர்ப்பக்கம் சாய்த்தால் கீழே அமுக்கும். தத்துவம் அவ்வளவுதான். இறக்கையின் வெளிப்பக்கம் இருப்பது ஏலரான். ஒரு பக்கத்து ஏலரான் மேலே போனால் மறுபக்கத்தது கீழே வரும், விமானம் பக்கவாட்டில் உருளும். செங்குத்து வாலில் இருக்கும் ரடர், படகின் சுக்கான் மாதிரி மூக்கை இடம் வலம் திருப்பும். படுக்கை வாலில் உள்ள எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும்.

பயணிகள் விமானத்துக்கு இது போதும். போர் விமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது வாலின் மேல் அதிர்வலை உருவாகி, கீல் வைத்த எலிவேட்டரை ஏறக்குறைய செயலற்றதாக்கிவிடும். விமானி குச்சியை இழுப்பார், விமானம் கேட்காது. 1947 அக்டோபர் 14 அன்று ஒலி வேகத்தைத் தாண்டிய அமெரிக்காவின் பெல் எக்ஸ்-1 விமானத்தில், படுக்கை வால் முழுவதையுமே அசைக்கும் ஏற்பாடு இதற்குக் கைகொடுத்தது. எஃப்-15லும் அப்படித்தான். அதன் படுக்கை வால் இரண்டும் முழுசாக அசையும். பெயர் ஸ்டெபிலேட்டர். இரண்டும் சேர்ந்து அசைந்தால் மூக்கு ஏறி இறங்கும், ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் விமானம் உருளும். ஏலரானுக்குத் துணையாக வாலும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எஃப்-15 எவ்வளவு கெட்டியான ஆசாமி என்பதற்கு ஒரு கதை. கதையல்ல, நடந்தது. 1983 மே மாதம் இஸ்ரேலில் பயிற்சியின்போது ஒரு எஃப்-15 இன்னொரு விமானத்தோடு வானத்தில் மோதியது. அதன் வலது இறக்கை ஏறக்குறைய அடியோடு போய்விட்டது. பீறிட்ட எரிபொருள் மறைத்ததால், இறக்கையே இல்லை என்பது விமானிக்குத் தரையிறங்கும் வரை தெரியவில்லை. வழக்கமாக இறங்கும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் கொண்டுவந்து இறக்கி ஓடுபாதைக்குள்ளேயே நிறுத்திவிட்டார். அகலமான உடற்பகுதியே கொஞ்சம் தூக்குவிசை கொடுத்தது, ஸ்டெபிலேட்டர் கட்டுப்பாடு கொடுத்தது, இரண்டு என்ஜின்களும் முழு பலம் கொடுத்தன. புது இறக்கை மாட்டி அதே விமானம் மறுபடி பறந்தது.

இப்போது அதே எஃப்-15 பற்றி இன்னொரு சம்பவம். நான் எழுத வந்ததே இதைத்தான்.

2007 நவம்பர் 2. அமெரிக்காவின் மிசூரி மாநிலம். ஒரு எஃப்-15சி பயிற்சிச் சண்டையில் கடுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் சுடவில்லை, எதுவும் மோதவில்லை. விமானம் காற்றிலேயே இரண்டாக முறிந்தது. விமானி உட்கார்ந்திருந்த முன்பகுதி தனியாகவும் மீதி உடல் தனியாகவும் போயின. விமானி தோளிலும் கையிலும் காயத்தோடு பாராசூட்டில் உயிர் தப்பினார்.

விசாரணைக் குழு உடைந்த துண்டுகளை ஆராய்ந்தது. விமானத்தின் முன்பகுதியில் நீளவாக்கில் லாஞ்சரான் என்ற உலோகச் சட்டங்கள் ஓடுகின்றன. ஓட்டு வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, உடற்கூட்டுக்கு அவை அப்படி. வலது மேல்பக்கச் சட்டத்தில் விரிசல் விழுந்து, மெல்ல வளர்ந்து, அன்றைக்கு முறிந்திருக்கிறது. ஏன் விரிசல்? டிராயிங்படி அந்தச் சட்டத்தின் தடிமன் சுமார் 2.3 மி.மீ.க்கும் 2.8 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். எடுத்து அளந்தால் சில இடங்களில் 1 மி.மீ.தான் இருந்தது. எங்குமே 2 மி.மீ. தொடவில்லை.

விமானம் செய்யப்பட்டது 1980களின் துவக்கத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தில். 2007ல் அது கிளம்பிப் போன தளமும் அதே செயின்ட் லூயிஸ்தான். பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கால் நூற்றாண்டு கழித்து அந்தத் தப்பு வெளியே வந்தது. அமெரிக்க விமானப்படை தன் எஃப்-15கள் அனைத்தையும் பறக்கவிடாமல் நிறுத்தியது. ஜப்பானும் தன்னிடம் இருந்தவற்றை நிறுத்தியது. சோதித்துப் பார்த்ததில் இன்னும் ஒன்பது விமானங்களின் லாஞ்சரான்களில் விரிசல் இருந்தது.

எஸ்.ஓ.எம். பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் (நானும் வைத்திருந்தவன்தான்) இது புரியும். தடிமன் பாதியானால் குறுக்குப் பரப்பு பாதி. அதே சுமைக்குத் தகைவு இரண்டு மடங்கு. ஆனால் ஆயுளும் பாதிதானே குறையும் என்று நினைத்தால் ஏமாந்தோம். களைப்பு என்று பாடத்தில் படிக்கிறோமே, ஏற்றி இறக்கும் சுமையில் உலோகம் சோர்வது, அதில் தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் பல மடங்கு சரிந்துவிடும். அந்தச் சட்டம் முதல் நாளே முறிந்திருந்தால் தொழிற்சாலையிலேயே தெரிந்திருக்கும். முறியவில்லை. கால் நூற்றாண்டு நன்றாக நடித்தது.

ஒரு இறக்கை முழுசாகப் போனபோது தாங்கிய விமானம் ஒன்றரை மில்லிமீட்டரில் உடைந்திருக்கிறது. இறக்கை போனதை எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் போனதை யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் எழுதவில்லை. இரண்டில் எது என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டம் எங்கோ ஒரு மேஜையைக் கடந்துதான் விமானத்துக்குள் போயிருக்கும், அந்த மேஜையில் ஒரு தாளில் 'சரி' என்று எழுதப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். தொழிற்சாலைகளைக் கொஞ்சம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் இதே வம்பு உண்டு. பழைய டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் லூசாக இருந்தால் வேகம் எடுக்கும்போது தடதடவென்று அடிக்கும் அல்லவா? விமானப் பலகை லூசானாலும் காற்றில் அப்படித்தான் அடிக்கும். பெயர் ஃபிளட்டர். ஷட்டர் அடித்தால் காது வலிக்கும், அவ்வளவுதான். பலகை அடித்தால் இறக்கையே பிய்ந்துவிடும். அதனால்தான் பலகையைப் பிடித்திருக்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரும், அந்த ஆக்சுவேட்டரைப் பிடித்திருக்கும் தாங்கியும் அசையாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். 1997 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் பால்டிமோர் நகருக்கு அருகே நடந்த விமானக் காட்சியில், பார்வையாளர்கள் கண் முன்னாலேயே ஒரு எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தின் இடது இறக்கையின் ஒரு பகுதி பிய்ந்து பறந்தது. விமானி குதித்துத் தப்பினார், விமானம் வீடுகள் இருக்கும் பகுதியில் விழுந்தது. விசாரணையில் தெரிந்தது இது. எலிவான் பலகையின் தாங்கியில் 5 ஃபாஸ்டனர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 4 இல்லை. 1996 ஜனவரியில் பராமரிப்புக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஒன்றே ஒன்றை நம்பி அந்த விமானம் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பறந்திருக்கிறது.

ராடாருக்கே தெரியாத விமானம். வடிவமைத்தவர்கள் மூளை எப்பேர்ப்பட்டது! அந்த மூளையெல்லாம் சேர்ந்தும் நாலு ஃபாஸ்டனருக்கு ஈடாகவில்லை.

"அமெரிக்காக்காரன் விமானம் உடைஞ்சா நமக்கென்ன மாப்ளே, நாம என்ன விமானமா கட்டப் போறோம்?" என்று இதைச் சொன்னபோது ரூம்மேட் கேட்டான். கேட்பான் என்று தெரியும். அவனுக்கு நான் சொன்ன பதில் கோயம்புத்தூர்.

நம் நாட்டின் தேஜஸ் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதற்கு எஃப்-15 மாதிரி படுக்கை வால் கிடையாது. முக்கோண இறக்கை. இறக்கை ஒவ்வொன்றின் பின்விளிம்பிலும் இரண்டு எலிவான்கள், ஏலரான் வேலையும் எலிவேட்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கும். தானாக நேரே நிற்காத மாதிரி, வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்திருக்கிறார்கள், சட்டென்று திரும்புவதற்காக. விமானி சும்மா இருந்தாலும் கம்ப்யூட்டர் அந்த எலிவான்களை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். சைக்கிளைப் பெடல் மிதிக்காமல் நிறுத்தி வைக்க ஹேண்டில்பாரை அசைத்துக்கொண்டே இருப்போமே, அதுபோல. அந்த வேலையில் கீலில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் கம்ப்யூட்டர் சொன்னது ஒன்று, பலகை செய்தது ஒன்று என்றாகிவிடும்.

தேஜஸ் மார்க் 1ஏ ரகத்துக்கான இறக்கைகளைத்தான் எல் அண்ட் டி நிறுவனம் கோயம்புத்தூரில் தயாரிக்கிறது. முதல் ஜோடி 2025 ஜூலையில் ஹெச்.ஏ.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டது. என்ஜினுக்குக் காற்று போகும் வழியை அமைக்கும் பாகத்தைச் செய்வது எல்.எம்.டபிள்யூ., அதுவும் கோவைதான். ஸ்பின்னிங் மெஷின் செய்து பேர் வாங்கிய அதே கம்பெனி. நடு உடற்பகுதி ஹைதராபாத்திலிருந்து போகிறது. கோவைக்குப் பக்கத்துச் சூலூரில்தான் 2020 மே மாதம் விமானப்படையின் 18வது ஸ்குவாட்ரன் தேஜஸோடு மறுபடி தொடங்கியது. ஆக, விமானம் பெங்களூர் விஞ்ஞானிகள் சமாசாரம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. துளை போடுவதும், ஷிம் வைப்பதும், ஃபாஸ்டனர் இறுக்குவதும், அளந்து எழுதுவதும் நம் மாதிரி டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த வேலையின் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தேஜஸின் வெளித்தோல் பெரும்பாலும் கார்பன் இழைக் கலவை. அதில் துளை போடுவது இரும்பில் போடுவது போலில்லை. டிரில் மறுபக்கம் வெளியேறும் இடத்தில் அடுக்கு பிரிந்துகொள்ளும். பிரிந்ததை வெல்டு வைத்து அடைக்க முடியாது, ஃபைல் போட்டுச் சமாளிக்க முடியாது. சரி, தப்பாகிவிட்டது. அடுத்து என்ன? விமானத் தொழிலில் அந்தத் தொழிலாளி செய்ய வேண்டியது ஒன்றுதான். 'இந்த இடத்தில் துளை இவ்வளவு பெரிதாகிவிட்டது' என்று எழுதிக் கொடுப்பது. பாகத்தைத் தனியே எடுத்து வைப்பார்கள். வடிவமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு, அப்படியே விடலாம், ஒரு சைஸ் பெரிய ஃபாஸ்டனர் போடலாம், அல்லது கழித்துவிடு என்று ஏதாவது ஒன்று சொல்வார். தப்பு நடப்பது அங்கே சகஜம். மறைத்ததுதான் குற்றம்.

இப்போது நம் ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம்.

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' ஜாயின்ட் கொடுத்தார்கள். கை கொப்புளித்து மூன்று வாரம் ராவினேன். இரண்டு துண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளியில் சூரியனே தெரிந்தது. சீனியர் அண்ணன் ஒருவர் வித்தை சொல்லிக் கொடுத்தார். எண்ணெயும் ஃபைலிங் தூளும் குழைத்து இடுக்கில் அப்பி, மேலே எமரி பேப்பரால் ஒரு தேய் தேய்த்தால் ஜாயின்ட் ஒட்டினாற்போல் ஆகிவிடும். ஆனது. மார்க்கும் வந்தது. பக்கத்து பெஞ்ச் நண்பன் ஒருத்தன் அப்பாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். 'என்னய்யா இது, ஓட்டைப் பல்லு மாதிரி?' என்று வகுப்பே சிரிக்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஃபிட்டிங் கற்றுக்கொள்ளவில்லை. நான் அப்பக் கற்றேன். அடுத்த வாரம் அவனும் கற்றுக்கொண்டான்.

மெட்ராலஜி லேபில் கதை இன்னும் சுத்தம். வெர்னியரைத் தொடாமலே ரெக்கார்டு எழுதுவோம். போன வருட ரெக்கார்டு கைமாறி வரும், அதற்கு முந்தின வருடத்து ரீடிங் அதில் இருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தால் சந்தேகம் வருமென்று கடைசி இலக்கத்தை ஆளுக்கொன்றாக மாற்றிக்கொள்வோம். அந்த ஐடியாவுக்கு உழைத்த மூளையை வெர்னியருக்குக் கொடுத்திருந்தால் எல்லோரும் தேறியிருப்போம்.

இதை வேடிக்கையாகவே நானும் நினைத்திருந்தேன், இன்பிளான்ட் டிரெய்னிங் போகும் வரை. ஊர் பேர் வேண்டாம். ஒரு சின்ன மெஷின் ஷாப். பத்து புஷ்களை மைக்ரோமீட்டரில் அளந்து சீட்டில் எழுதச் சொன்னார்கள். மூன்று அளந்தேன். மூன்றும் அளவுக்குள் இருந்தன. வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "எல்லாம் ஒரே செட்டிங்ல ஓடினதுதான் தம்பி, எழுதிப் போடு" என்றார் அங்கிருந்த மூத்தவர். கெட்ட மனுஷர் இல்லை, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். மீதி ஏழுக்கும் எழுதினேன். கடைசி இலக்கத்தை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றி. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாகச் செய்தது. கீழே என் கையெழுத்து.

எஃப்-15 பற்றிப் படித்த இரவு அந்த ஏழு புஷ்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவை தண்ணீர் பம்புக்கானவை. விமானத்துக்கில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரியாக இருக்கும் என்பது வேறு, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு.

பசங்களைத் திட்டி மட்டும் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். நாம் ஏன் அப்புகிறோம்? உண்மையான ரீடிங்குக்கு மார்க் இல்லை, புத்தக ரீடிங்குக்கு மார்க் இருக்கிறது. 25 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 24.6 என்று நேர்மையாக எழுதினவன் மார்க்கை இழக்கிறான். 25.02 என்று கதை எழுதினவன் முதல் பெஞ்சில் உட்கார்கிறான். மூன்று வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து ஹரிச்சந்திரனாக இரு என்றால் நடக்கிற காரியமா?

ஆகவே பேரவை இந்த வருடம் கேன்டீன் விலை, பஸ் பாஸ் கோரிக்கைகளோடு (அவையும் வேண்டும்தான், மறுக்கவில்லை) இதையும் முதல்வரிடம் வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒர்க்‌ஷாப் ஜாபுக்கும் லேப் ரெக்கார்டுக்கும் தரும் இன்டர்னல் மார்க்கை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு, செய்த வேலையின் தரத்துக்கு. இன்னொரு பங்கு, தான் செய்ததைத் தானே அளந்து உள்ளபடி எழுதியதற்கு. ஆசிரியர் மறுபடி அளக்கும்போது அதே அளவு வந்தால் அந்தப் பங்கு முழுசாகக் கிடைக்க வேண்டும், ஜாப் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. கோணலுக்குக் காரணம் எழுதினால் இன்னும் நல்லது. ஹேக்ஸா சாய்ந்ததா, மார்க்கிங் தப்பா, வைஸ் ஆடியதா? எங்கள் ஷாப்பில் மூன்றாவது வைஸ் ஆடுகிறது என்பது பத்துப் பேர் எழுதினாலாவது தெரியவரும்.

ஃபிட்டிங் ஷாப் ஆசிரியரிடம் இதை வாயால் சொல்லிப் பார்த்தேன். "நூத்தி இருபது ஜாபையும் நான் மறுபடி அளக்கணுமா? விடிஞ்சிரும்யா" என்றார். நியாயம்தான். அவர் ஒருவர், நாங்கள் இரண்டு செக்‌ஷன். அதற்கு நான் யோசித்தது, எல்லாவற்றையும் அளக்க வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் பத்தை எடுத்து அளந்தால் போதும். எந்தப் பத்து என்று முன்கூட்டித் தெரியாதபோது நூற்றி இருபது பேரும் வெர்னியரைக் கையில் எடுப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல்ல வேலை செய்யிற வெர்னியர் எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வா" என்றார்.

எண்ணினேன். மொத்தம் பதினாலு இருக்கிறது. அதில் ஒன்பது சரியாக பூஜ்யம் காட்டுகிறது. மூன்றுக்குப் பூஜ்யப் பிழை இருக்கிறது, கணக்கில் சேர்த்துக்கொண்டால் ஓட்டலாம். இரண்டுக்குத் தாடை தேய்ந்துவிட்டது. எது எது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, பட்டியல் ஒன்றை அவர் மேஜையில் வைத்திருக்கிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு அதன் நகலும் வரும்.